பேக்-12 எப்படிக் கலைந்தது, அடுத்து யார் நகர்வார்கள்: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்புகள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

1915இல் தொடங்கி அமெரிக்க மேற்குக் கரையின் பெரிய பல்கலைக்கழகங்களைப் பிணைத்து வைத்திருந்த பேக்-12 விளையாட்டுக் கூட்டமைப்பு, 2023 ஆகஸ்ட் 4ஆம் தேதி, ஒரே வெள்ளிக்கிழமையில், ஐந்து உறுப்பினர்களை இழந்தது. அதற்கு முன்பே மூன்று உறுப்பினர்கள் விலகல் முடிவை அறிவித்துவிட, எஞ்சியிருந்த ஒன்பது பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் அன்று காலை கூடிப் புதிய ஒளிபரப்பு ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தருவதாக ஏற்பாடு. ஆனால் ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென் கூட்டமைப்புக்குப் போகின்றன என்ற செய்தி முந்திக்கொண்டது. அன்று இரவுக்குள் அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா ஆகிய மூன்றும் பிக் 12 கூட்டமைப்பில் சேர்வதாக அறிவித்துவிட்டன. நான்கு வாரங்கள் கழித்து ஸ்டான்ஃபோர்டும், பெர்க்லியில் இருக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும் அட்லாண்டிக் கரையைச் சேர்ந்த ஏசிசி கூட்டமைப்பில் இடம்பிடித்தன. ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் ஆகிய இரண்டும் மட்டுமே போக்கிடமின்றி எஞ்சின.

இந்தக் கலைவுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் தொலைக்காட்சிப் பணத்தின் மீதான பேராசை. அது பொய்யல்ல; ஆனாலும் பேராசை எல்லாக் கூட்டமைப்புகளிலும் இருந்தது, அவற்றுள் கலைந்தது இது ஒன்றே. ஆவணங்களையும் அவற்றின் தேதிகளையும் வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறொரு காரணம் துலங்குகிறது. பேக்-12 உறுப்பினர்களைக் கட்டிவைத்திருந்த ஒரே தாள், அதாவது ஒளிபரப்பு உரிமை ஒப்பந்தம், 2024 கோடையில் காலாவதியாகவிருந்தது. அதற்குப் பிறகு அவர்களைப் பிடித்துவைக்க எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஏசிசியின் உறுப்பினர்களில் சிலர் இதைவிடக் கடுமையான அதிருப்தியோடு இருந்தும் வெளியேற முடியாமல் தவித்ததற்குக் காரணம், அவர்கள் கையெழுத்திட்ட தாள் 2036 வரை செல்லும் என்பதுதான். எந்தப் பல்கலைக்கழகம் அடுத்து எங்கே போகும் என்று கேட்பவர்கள் வரைபடத்தைப் பார்ப்பதைவிட ஒப்பந்தங்களின் கடைசித் தேதிகளைப் பார்ப்பதே பயனுள்ளது என்பது இந்த ஆய்வின் நிலைப்பாடு.

பணம் வரும் வழி

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் கூட்டமைப்பு என்பது பல்கலைக்கழகங்கள் தாமாகச் சேர்ந்து அமைத்துக்கொள்ளும் போட்டிச் சங்கம். அட்டவணை போடுவது, கோப்பை வழங்குவது, நடுவர்களை அமர்த்துவது எல்லாம் அதன் வேலைகள் என்றாலும், இன்று அதன் முதன்மையான வேலை உறுப்பினர்களின் போட்டிகளை மொத்தமாகக் கட்டித் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு விற்பதே. இதற்கு வித்திட்டது 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்ற பெரும்பான்மையில் வழங்கிய தீர்ப்பு. அதுவரை கல்லூரிக் கால்பந்துப் போட்டிகளில் எவற்றை ஒளிபரப்பலாம் என்பதைத் தேசிய அளவிலான என்சிஏஏ அமைப்பே முடிவு செய்துவந்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் தொடுத்த வழக்கில் அந்தக் கட்டுப்பாடு போட்டிச் சட்டத்துக்கு முரணானது என்று நீதிமன்றம் சொன்ன பிறகு, விற்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும் அவற்றின் கூட்டமைப்புகளுக்கும் வந்தது. இங்கே கால்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து. கூடைப்பந்து, நீச்சல், கைப்பந்து, தடகளம் எல்லாவற்றின் செலவையும் பெரும்பாலான இடங்களில் தாங்குவது அந்த ஒரே விளையாட்டின் வருவாய்தான். ஆகவே கால்பந்து அணி எங்கே போகிறதோ அங்கே மற்ற அணிகளும் போக வேண்டியதாகிறது.

உறுப்பினர்கள் நடுவழியில் ஓடிவிடாமல் தடுக்க இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று விலகல் கட்டணம். மற்றொன்று ஒளிபரப்பு உரிமை ஒப்படைப்பு: குறிப்பிட்ட தேதிவரை தன் சொந்த மைதானத்தில் நடக்கும் போட்டிகளின் ஒளிபரப்பு உரிமையைப் பல்கலைக்கழகம் கூட்டமைப்பிடம் எழுதிக் கொடுத்துவிடும், விலகிப் போனாலும் அந்த உரிமை கூடப் போகாது. உரிமை இல்லாத அணியை எந்தக் கூட்டமைப்பும் விரும்பிச் சேர்க்காது என்பதால் இரண்டாவது கருவியே வலுவானது. பேக்-12 இரண்டாவதை மட்டுமே வைத்திருந்தது.

2011இன் வெற்றி

அன்று பேக்-10 எனப்பட்ட கூட்டமைப்பின் தலைமை நிர்வாகியான ஆணையராக 2009இல் பொறுப்பேற்ற லாரி ஸ்காட், 2010இல் டெக்சஸ், ஓக்லஹோமா உள்ளிட்ட பல்கலைக்கழகங்களை மேற்குக்கு இழுத்துப் பதினாறு உறுப்பினர் கொண்ட கூட்டமைப்பை அமைக்க முயன்றார். டெக்சஸ் கடைசியில் மறுத்துவிட்டது. கொலராடோவும் யூட்டாவும் மட்டும் சேர்ந்து 2011இல் பேக்-10 பேக்-12 ஆயிற்று. அதே ஆண்டில் இஎஸ்பிஎன், ஃபாக்ஸ் நிறுவனங்களுடன் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 300 கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த நேரத்தில் கல்லூரி விளையாட்டில் அதைவிடப் பெரிய ஒப்பந்தம் இல்லை என்று பாராட்டப்பட்டது.

பன்னிரண்டு ஆண்டு என்ற நீளமே பின்னாளில் வினையாயிற்று. மற்றக் கூட்டமைப்புகள் இடையிடையே புது விலைக்கு விற்றபோது பேக்-12 பழைய விலையிலேயே நின்றது. 2012இல் தொடங்கிய அதன் சொந்தத் தொலைக்காட்சி அலைவரிசை முழுக்கக் கூட்டமைப்பின் உடைமையாக இருந்தது பெருமையாகப் பேசப்பட்டது. ஆனால் பெரிய ஊடக நிறுவனம் எதுவும் பங்குதாரராக இல்லாததால், அதை வீடுகளுக்குள் கொண்டுசேர்க்க வற்புறுத்தும் வலிமை யாரிடமும் இல்லை, செயற்கைக்கோள் சேவையான டைரெக்டிவி கடைசிவரை அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. 2021-22 நிதியாண்டில் பேக்-12 தன் உறுப்பினர் ஒவ்வொன்றுக்கும் சுமார் 3.7 கோடி டாலர் பகிர்ந்தளித்தது. பிக் டென் அதே ஆண்டில் கொடுத்தது ஏறத்தாழ 5.9 கோடி. ஆண்டுக்கு இரண்டு கோடி டாலர் இடைவெளி என்பது பயிற்றுநர் சம்பளத்திலும் பயிற்சிக் கூடங்களிலும் உடனே தெரியக்கூடிய இடைவெளி.

நேர மண்டலமும் உதவவில்லை. மேற்குக் கரையில் மாலை ஏழரை மணிக்குத் தொடங்கும் ஆட்டம் கிழக்கே இரவு பத்தரை மணிக்குத் தொடங்குகிறது. மக்கள்தொகையில் பெரும்பகுதி உறங்கப் போகும் நேரத்தில் ஆடப்படும் ஆட்டத்துக்கு விளம்பரதாரர் கொடுக்கும் விலை அதற்கேற்பவே இருக்கும்.

தவறவிட்ட மாதங்கள்

2021 ஜூலையில் டெக்சஸும் ஓக்லஹோமாவும் பிக் 12ஐ விட்டுத் தென்கிழக்கு மாநிலங்களின் எஸ்இசி கூட்டமைப்புக்குப் போகப் போவது வெளிப்பட்டது. அதே மாதம் பேக்-12 ஆணையராகப் பொறுப்பேற்ற ஜார்ஜ் கிளியாவ்கோஃப் முன்னால் அன்று ஒரு வாய்ப்பு இருந்தது. இரண்டு பெரும் உறுப்பினர்களை இழந்து நடுங்கிக்கொண்டிருந்த பிக் 12இலிருந்து நல்ல அணிகளை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஆகஸ்டில் பேக்-12, பிக் டென், ஏசிசி மூன்றும் சேர்ந்து ஒரு நட்புறவை அறிவித்தன. இரண்டு நாட்களில், விரிவாக்கம் செய்யப்போவதில்லை என்று பேக்-12 தெரிவித்தது. அந்த நட்புறவுக்கு எழுத்துமூலமான ஒப்பந்தம் இல்லை, ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து ஒப்புக்கொண்டோம் என்று ஆணையர்கள் விளக்கம் சொன்னார்கள். பத்து மாதம் கழித்து, 2022 ஜூன் 30ஆம் தேதி, யுஎஸ்சி எனப்படும் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும், யுசிஎல்ஏ எனப்படும் லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும் 2024 முதல் பிக் டென்னில் சேரப்போவதாக அறிவித்தன. நாட்டின் இரண்டாவது பெரிய தொலைக்காட்சிச் சந்தையான லாஸ் ஏஞ்சலிஸ் அவ்விரண்டோடும் போய்விட்டது. பிக் டென் ஆகஸ்டில் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி ஆகியவற்றுடன் ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை அறிவித்தது.

இதன் பிறகும் பேக்-12 பிழைத்திருக்கலாம் என்பது என் கணிப்பு; அதைக் கெடுத்தது அடுத்த சில மாதங்கள். பிக் 12இன் ஒப்பந்தம் 2025இல், அதாவது பேக்-12இன் ஒப்பந்தத்துக்கு ஓராண்டு கழித்தே முடிவதாக இருந்தது. முறைப்படி பேக்-12தான் முதலில் சந்தைக்குப் போக வேண்டும். ஆனால் 2022 ஆகஸ்டில் பிக் 12 ஆணையராகப் பொறுப்பேற்ற பிரெட் யோர்மார்க், தன் முறை வரும்வரை காத்திராமல் இஎஸ்பிஎன், ஃபாக்ஸ் இரண்டையும் முன்கூட்டியே பேச்சுக்கு அழைத்து, அக்டோபர் முடிவதற்குள் ஆறு ஆண்டுகளுக்கு 228 கோடி டாலர் என்று முடித்துவிட்டார். ஓர் உறுப்பினருக்குச் சராசரியாக ஆண்டுக்கு 3.17 கோடி. அதே இலையுதிர் காலத்தில் பேக்-12க்கு இஎஸ்பிஎன் ஓர் உறுப்பினருக்கு 3 கோடி டாலர் என்று முன்வைத்ததாகவும், பல்கலைக்கழகத் தலைவர்கள் 5 கோடி கேட்டதாகவும், அத்துடன் இஎஸ்பிஎன் எழுந்து போய்விட்டதாகவும் பத்திரிகைகள் பின்னர் எழுதின. எண்களில் ஓரளவு முன்னே பின்னே இருக்கலாம். யோர்மார்க் வாங்கிப்போன ஒளிபரப்பு நேரம் மீண்டும் விற்பனைக்கு வராது என்பது மட்டும் அந்த அக்டோபரிலேயே தெளிவு.

2023இன் முற்பகுதி முழுவதும் ஒப்பந்தம் இன்று வரும், நாளை வரும் என்றே கழிந்தது. இதில் சான் டியேகோ ஸ்டேட் பட்ட பாடு தனியே குறிப்பிடத்தக்கது. லாஸ் ஏஞ்சலிஸை இழந்த பேக்-12க்குத் தெற்குக் கலிபோர்னியாவில் ஓர் உறுப்பினர் தேவைப்பட்டது. சான் டியேகோ ஸ்டேட்டும் வரத் தயாராக இருந்தது. அது இருந்த மவுண்டன் வெஸ்ட் கூட்டமைப்பில் ஜூன் 30க்குள் விலகல் அறிவிப்புக் கொடுத்தால் சுமார் 1.7 கோடி டாலர், தவறினால் அதைப் போல் இரு மடங்கு கட்டணம். ஜூன் நடுவில் அது விலகும் எண்ணத்தைத் தெரிவித்துக் கடிதமும் அனுப்பிவிட்டது. ஆனால் ஒளிபரப்பு ஒப்பந்தம் இல்லாத பேக்-12ஆல் அழைப்பு விடுக்க முடியவில்லை. தேதி கடந்தது, கடிதம் திரும்பப் பெறப்பட்டது, ஏற்கெனவே விலகிவிட்டதாக அறிவித்த உறுப்பினரை என்ன செய்வது என்று மவுண்டன் வெஸ்ட் சில வாரங்கள் பிடிவாதம் காட்டிவிட்டுச் சமாதானமாயிற்று.

ஜூலை 21ஆம் தேதி பத்திரிகையாளர்களிடம் பேசிய கிளியாவ்கோஃப், காத்திருக்கக் காத்திருக்க நல்ல வாய்ப்புகளே வருகின்றன என்ற கருத்தில் நம்பிக்கை தெரிவித்தார். ஆறு நாள் கழித்துக் கொலராடோவின் ஆட்சிக்குழு 9-0 என்று வாக்களித்துத் தன் பழைய கூட்டமைப்பான பிக் 12க்குத் திரும்பியது. ஆகஸ்ட் 1ஆம் தேதி தலைவர்கள் முன் வைக்கப்பட்டது ஆப்பிள் நிறுவனத்தின் இணைய ஒளிபரப்புத் திட்டம்: அடித்தளத் தொகை உறுப்பினருக்குச் சுமார் 2.3 கோடி டாலர், சந்தாதாரர் எண்ணிக்கை உயர்ந்தால் கூடுதல் பங்கு. சந்தா விற்றால்தான் பணம் என்ற ஏற்பாட்டை நம்பிக் கையெழுத்திடப் பலருக்கு மனம் வரவில்லை. பிக் டென் ஓரிகனுக்கும் வாஷிங்டனுக்கும் முழுப் பங்கு தரவில்லை, முதல் ஆண்டு சுமார் 3 கோடி, பிறகு ஆண்டுக்குப் பத்து லட்சம் உயர்வு என்று ஏறத்தாழ அரைப் பங்கே பேசியது. அந்த அரைப் பங்கும் ஆப்பிள் சொன்ன அடித்தளத் தொகையைவிட மேல், உறுதியானதும்கூட.

வெளியேறிய பத்துப் பல்கலைக்கழகங்களில் ஒன்றுகூட விலகல் கட்டணம் கட்டவில்லை. கட்டணம் என்ற ஒன்று விதிகளில் இல்லை. உரிமை ஒப்படைப்பும் 2024 கோடையோடு முடிந்தது. அவை விலகியதும் 2024 கோடையில்தான்.

கால்ஃபாக்ஸ் நீதிமன்றத்தில் ஒரு வாசகம்

எஞ்சிய இருவரின் ஊர்களைப் பார்த்தால் அவர்களை யாரும் அழைக்காததன் காரணம் புரியும். வாஷிங்டன் ஸ்டேட் இருக்கும் புல்மன் கோதுமை வயல்களுக்கு நடுவே சுமார் முப்பதாயிரம் பேர் வாழும் ஊர். ஓரிகன் ஸ்டேட் இருக்கும் கோர்வாலிஸ் அதைப்போல் இரு மடங்கு. களத்தில் அவர்கள் சளைத்தவர்கள் அல்லர். 2023 செப்டம்பரில் இரண்டும் தரவரிசைப் பட்டியலில் இருந்தபடியே ஒன்றையொன்று எதிர்கொண்டன, 38-35 என்று வாஷிங்டன் ஸ்டேட் வென்றது. ஓரிகன் ஸ்டேட் தன் மைதானத்தைப் பெரும் செலவில் புதுப்பித்து முடித்ததும் அதே ஆண்டுதான். தொலைக்காட்சிச் சந்தையின் கணக்கில் இவை எதற்கும் இடமில்லை.

செப்டம்பர் 8ஆம் தேதி இரு பல்கலைக்கழகங்களும் கூட்டமைப்பின் மீதும் ஆணையர் மீதும் வழக்குத் தொடுத்தன. கூட்டமைப்பின் தலைமையகம் சான்பிரான்சிஸ்கோ பகுதியில் இருந்தாலும் வழக்கு நடந்தது புல்மனை உள்ளடக்கிய விட்மன் மாவட்டத்தின் தலைமையிடமான கால்ஃபாக்ஸில், மூவாயிரம் பேர்கூட இல்லாத சிற்றூரின் நீதிமன்றத்தில். கிளியாவ்கோஃப் செப்டம்பர் 13ஆம் தேதிக்கு நிர்வாகக் குழுவைக் கூட்டியிருந்தார். வெளியேறப் போகும் பத்துப் பேரும் அதில் வாக்களித்தால், கூட்டமைப்பைக் கலைத்துச் சொத்தைப் பன்னிரண்டாகப் பிரிக்க முடியும் என்பதே இருவரின் அச்சம். சொத்து என்றால் சிறிய தொகை அல்ல: ரோஸ் பவுல் என்ற புகழ்பெற்ற கால்பந்துப் போட்டியின் ஒப்பந்தப் பணம், தேசியச் சாம்பியன் தேர்வுப் போட்டியின் பங்கு, கூடைப்பந்துப் போட்டிகளில் முந்தைய ஆண்டுகளில் வென்றதற்காக ஆறு ஆண்டுகளுக்குத் தவணையாக வரும் தொகை எல்லாம் கூட்டமைப்பின் பெயரில் இருந்தன.

வழக்கு திரும்பியது விதித்தொகுப்பின் ஒரு பிரிவில். 2024 ஆகஸ்ட் 1க்கு முன் எந்த உறுப்பினரும் விலகல் அறிவிப்புத் தரக்கூடாது, தந்தால் நிர்வாகக் குழுவில் அதன் இடம் தானாகப் போய்விடும் என்பது அதன் சாரம். விலகல்தான் 2024 ஆகஸ்டுக்குப் பிறகு, ஆகவே எங்கள் அறிவிப்பு இந்தப் பிரிவுக்குள் வராது என்றார்கள் பத்துப் பேர். பிரிவு பேசுவது அறிவிப்புக் கொடுக்கும் நாளைப் பற்றி, வெளியேறும் நாளைப் பற்றி அல்ல என்றார்கள் இருவர். அவர்களுக்குக் கைகொடுத்தது கூட்டமைப்பே முன்பு நடந்துகொண்ட விதம். யுஎஸ்சியும் யுசிஎல்ஏயும் 2024இல்தான் போகின்றன என்று தெரிந்தும், அறிவிப்பு வந்த 2022இலேயே அவற்றைக் குழுக் கூட்டங்களிலிருந்து விலக்கிவைத்திருந்தார்கள். கொலராடோவுக்கும் அதேதான் நடந்தது. அன்று அந்த விலக்கலை ஏற்றுக்கொண்டு குழுவில் அமர்ந்திருந்தவர்கள், தங்கள் முறை வந்தபோது விதிக்கு வேறு பொருள் சொன்னார்கள்.

நீதிபதி கேரி லிபி முதலில் இடைக்காலத் தடை விதித்தார். நவம்பர் 14ஆம் தேதி, நிர்வாகக் குழு என்பது இனி இவ்விருவர் மட்டுமே என்றும், ஆனால் அந்த ஆண்டு இன்னும் உறுப்பினராக இருக்கும் மற்றப் பத்துப் பேரையும் நியாயமாக நடத்த வேண்டும் என்றும் உத்தரவிட்டார். டிசம்பர் 15ஆம் தேதி வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை விசாரிக்க மறுத்தது. ஒரு வாரத்துக்குள் சமரசம் அறிவிக்கப்பட்டது: வெளியேறுவோர் தலா 50 லட்சம் டாலரை அந்த ஆண்டுப் பங்கிலிருந்து விட்டுக்கொடுப்பது, அதோடு தலா 15 லட்சம் தருவது, ஆக மொத்தம் 6.5 கோடி, எதிர்கால வருவாயும் கூட்டமைப்பின் பெயரும் எஞ்சிய இருவருக்கு. ஓரிகன் ஸ்டேட்டின் தலைவர், இந்தியாவில் பிறந்து கான்பூர் ஐஐடியில் பொறியியல் படித்த ஜெயதி மூர்த்தி. வாஷிங்டன் ஸ்டேட்டின் தலைவர் அன்று கிர்க் ஷுல்ஸ். 108 ஆண்டுப் பழமையான கூட்டமைப்பின் நிர்வாகக் குழு இவ்விருவர் அளவுக்குச் சுருங்கியது.

வழக்கில் வென்றாலும் ஆட்களைத் தக்கவைக்க முடியவில்லை. ஓரிகன் ஸ்டேட்டின் பழைய மாணவரும் பயிற்றுநருமான ஜோனதன் ஸ்மித் 2023 நவம்பரில் பிக் டென்னில் உள்ள மிச்சிகன் ஸ்டேட்டுக்குப் போனார். வாஷிங்டன் ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக்கான, அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவரான, கேம் வார்ட் ஏசிசியில் உள்ள மயாமி பல்கலைக்கழகத்துக்குப் போய், 2025இல் தொழில்முறை அணிகள் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். மறுபக்கம், ஓரிகன் தன் முதல் ஆண்டிலேயே பிக் டென் பட்டத்தையும், அரிசோனா ஸ்டேட் தன் முதல் ஆண்டிலேயே பிக் 12 பட்டத்தையும் வென்றன.

இழந்தவர்கள் இழுத்தபோது

இரண்டு அணிகளை வைத்து லீக் நடத்த முடியாது. உயர்நிலைக் கால்பந்துக் கூட்டமைப்புக்குக் குறைந்தது எட்டு உறுப்பினர் வேண்டும் என்பது என்சிஏஏ விதி. குறைந்துபோனால் இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அந்த அவகாசத்தைப் பயன்படுத்தி 2024 பருவத்துக்கு மவுண்டன் வெஸ்ட் அணிகளோடு ஆறாறு ஆட்டங்கள் ஆட இருவரும் ஒப்பந்தம் செய்தார்கள். அதற்குக் கொடுத்தது சுமார் 1.4 கோடி டாலர். அந்த ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு: மவுண்டன் வெஸ்டிலிருந்து ஓர் உறுப்பினரைப் பேக்-12 இழுத்தால் ஒரு கோடி டாலர் தர வேண்டும், அடுத்தடுத்த ஒவ்வொருவருக்கும் தலா ஐந்து லட்சம் கூடும். பக்கத்து வீட்டுக்காரர் கதவுக்குப் பூட்டு வாங்கி வைப்பதில் ஆச்சரியம் இல்லை.

2024 செப்டம்பர் 12ஆம் தேதி பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃபிரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட் நான்கும் 2026 முதல் பேக்-12இல் சேர்வதாக அறிவிக்கப்பட்டது. இரண்டு வாரங்களுக்குள் யூட்டா ஸ்டேட் ஐந்தாவதாகச் சேர்ந்தது. கட்டணம் 5.5 கோடி டாலர் என்று கணக்கு வந்தது. அந்தப் பிரிவே போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்று பேக்-12 நீதிமன்றம் போனது. நெருக்கடியில் கையெழுத்திட்டோம் என்ற வாதத்தில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் கோர்வாலிஸிலிருந்தும் புல்மனிலிருந்தும் 2023 முழுவதும் எழுந்த முறையீடு, பல்லாண்டு உறவைப் பணத்துக்காக முறித்துவிட்டார்கள் என்பது. மவுண்டன் வெஸ்டில் எஞ்சியவர்கள் 2024இல் சொன்னதும் அதே வாசகம்தான். அந்தக் கூட்டமைப்பு விமானப்படைக் கல்விக்கழகமான ஏர் ஃபோர்ஸையும் லாஸ் வேகஸின் யுஎன்எல்வியையும் தக்கவைக்கப் பெருந்தொகை வாக்களிக்க வேண்டியதாயிற்று.

எல்லா அழைப்புகளும் பலிக்கவில்லை. மெம்ஃபிஸ், டுலேன், தென் ஃபுளோரிடா, சான் அன்டோனியோவின் யுடிஎஸ்ஏ நான்கும் தாம் இருந்த 'அமெரிக்கன்' என்ற பெயர்கொண்ட கூட்டமைப்பிலேயே நீடிப்பதாக ஒன்றாக அறிவித்தன. பேக்-12 காட்டிய வருவாய் மதிப்பீட்டுக்கும் பயணச் செலவுக்கும் விலகல் கட்டணத்துக்கும் கணக்குப் போட்டால் மிச்சம் தேறவில்லை. கால்பந்தே ஆடாத, கூடைப்பந்தில் பேர்பெற்ற கொன்சாகா சேர்ந்தது. எட்டாவது கால்பந்து உறுப்பினரான டெக்சஸ் ஸ்டேட் 2025 ஜூன் 30ஆம் தேதி இசைந்தது. ஜூலை 1 பிறந்தால் அதன் பழைய கூட்டமைப்புக்குக் கட்ட வேண்டிய 50 லட்சம் டாலர் ஒரு கோடியாகிவிடும். புதிய பேக்-12இன் தொடக்க நாள் 2026 ஜூலை 1. சிபிஎஸ், சிடபிள்யூ, யுஎஸ்ஏ நெட்வொர்க் ஆகியவற்றுடனான ஒளிபரப்பு ஒப்பந்தங்கள் 2030-31 பருவம்வரை செல்கின்றன.

அடுத்த நகர்வுகள்

2030-31 என்ற அந்தப் பருவத்தை ஒட்டித்தான் பலருடைய ஒப்பந்தத் தாள்களும் முடிகின்றன. பிக் டென்னின் ஒப்பந்தம் 2029-30 பருவத்தோடு தீர்கிறது, பிக் 12இன் ஒப்பந்தம் 2030-31இல், தேசியச் சாம்பியன் தேர்வுப் போட்டியின் ஒப்பந்தம் 2031-32இல். எஸ்இசி மட்டும் 2034 வரை நிம்மதியாக இருக்கலாம். அதற்கு முன் பெரிய நகர்வுகள் நிகழாது என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும், நகர விரும்புபவர்களுக்குக் காத்திருப்பது மலிவு.

இதை மிகத் தெளிவாகக் காட்டுவது ஏசிசி. ஸ்டான்ஃபோர்டும் கலிபோர்னியாவும் 30 சதவீதப் பங்குக்கும், டாலஸின் எஸ்எம்யு பல்கலைக்கழகம் ஒன்பது ஆண்டுகள் தொலைக்காட்சிப் பங்கே இல்லாமலும் சேர ஒப்புக்கொண்ட 2023 செப்டம்பர் வாக்கெடுப்பில், எதிர்த்து வாக்களித்தவை மூன்று: ஃபுளோரிடா ஸ்டேட், கிளெம்சன், வட கரோலினா. முதலிரண்டும் சில மாதங்களில் 2036 வரையிலான உரிமை ஒப்படைப்பை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. 2025 மார்ச்சில் எட்டிய சமரசப்படி, தொலைக்காட்சி வருவாயில் பெரும்பகுதி இனிப் பார்வையாளர் எண்ணிக்கைக்கேற்பப் பிரிக்கப்படும். விலகல் கட்டணம் 2025-26இல் 16.5 கோடி டாலர், பிறகு ஆண்டுக்கு 1.8 கோடி வீதம் குறைந்து 2030-31இல் 7.5 கோடியில் நிற்கும். கட்டணத்தைச் செலுத்தினால் ஒளிபரப்பு உரிமையும் கூடவே வரும் என்பதுதான் முக்கியம். அந்த ஆண்டில் பிக் டென்னும் புதிய ஒப்பந்தத்தோடு இருக்கும். அதனால் முதலில் நகரக்கூடியவர்கள் யார் என்று கேட்டால் எதிர்த்து வாக்களித்த மூவரையும் மயாமியையும் முன்வைப்பேன். போகும் இடம் பிக் டென்னா எஸ்இசியா என்பதை ஃபாக்ஸும் இஎஸ்பிஎன்னும் போடும் கணக்கே தீர்மானிக்கும். கால்பந்தில் எந்தக் கூட்டமைப்பிலும் சேராமல் தனித்தே ஆடும் நோட்டர் டேம் பல்கலைக்கழகம், என்பிசியோடு 2029 வரை ஒப்பந்தம் வைத்திருப்பதால், அதுவரை அசையக் காரணம் இல்லை.

பிக் 12இன் கதவை யுகான் எனப்படும் கனெக்டிகட் பல்கலைக்கழகமும் மெம்ஃபிஸும் தட்டிவிட்டன. யுகானோடு 2024இல் நடந்த பேச்சு பாதியில் நின்றது. மெம்ஃபிஸ் 2025இல் பெரும் விளம்பரதாரர் பணத்தோடு போயும் உறுப்பினர்கள் இணங்கவில்லை. 2025 ஜூலை முதல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் வீரர்களுக்கு, முதல் ஆண்டில் 2.05 கோடி டாலர் வரை, நேரடியாகப் பணம் தரலாம் என்று ஆனபிறகு, பங்குக்கு இன்னொரு ஆளைச் சேர்க்க உறுப்பினர்களிடம் மனம் சுருங்கியிருப்பது இயல்பு. ஸ்டான்ஃபோர்டும் கலிபோர்னியாவும் கண்டம் முழுக்கப் பறந்து ஆடுவது 2031க்குப் பிறகும் தொடரும் என்று நான் நினைக்கவில்லை. ஏசிசியின் பெரிய பெயர்கள் போய்விட்டால் அவர்கள் இருக்கும் இடத்தின் மதிப்பே குறைந்துவிடும்.

பிக் டென் இதையெல்லாம் கண்டே 2025 இலையுதிர் காலத்தில் ஒரு திட்டத்தைப் பேசியது. பெர்க்லி, யுசிஎல்ஏ உள்ளிட்டவை அடங்கிய கலிபோர்னியாப் பல்கலைக்கழகத் தொகுதியின் முதலீட்டு அமைப்பு 240 கோடி டாலர் தரும், உறுப்பினர்கள் தங்கள் ஒளிபரப்பு உரிமையை 2046 வரை கூட்டமைப்பிடம் ஒப்படைப்பார்கள். பணம் தேவைப்பட்ட பலர் தயாராக இருந்தார்கள். எதிர்த்து நின்றவை மிச்சிகனும், மூன்றாண்டுகளுக்கு முன் பேக்-12இலிருந்து கட்டணமின்றி வெளியேற முடிவெடுத்த அதே யுஎஸ்சியும். எங்கு வேண்டுமானாலும் வரவேற்கப்படக்கூடிய உறுப்பினருக்கு இருபது ஆண்டுக் கட்டு எதற்கு என்ற கேள்வியை இருவரும் தெளிவாகவே எடைபோட்டிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். ஒருமித்த கருத்து இல்லாமல் மேற்கொண்டு போகப்போவதில்லை என்று முதலீட்டு அமைப்பு சொல்ல, திட்டம் 2025 நவம்பரில் நிறுத்திவைக்கப்பட்டது.